வெளி லைன் செருகாத பெட்டி

மத்திய சிறை
10.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜீவா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வயிறு மட்டும் இந்தச் சோற்றுக்குப் பழக மாட்டேன் என்கிறது. அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது, மேட்டூரிலிருந்து மாமா வாரா வாரம் வருகிறாரா என்று எழுது. உனக்கு முன் இதைப் படிக்கப்போகிற அலுவலர் ஐயாவுக்கும் வணக்கம்.

நேற்று மனுவில், கைதியைப் பார்க்கவிடும் அந்தக் கொஞ்ச நேரத்தில், நீ வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஏதேதோ சொன்னாய். பக்கத்தில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் 'அம்மா', 'வக்கீல்' என்ற இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. இனி முக்கியமானதை எழுதியே பேசுவோம்.

செய்ததை நான் மறைக்கவில்லை. சரவணமுத்து நம் தெருக் கம்பத்தில் ஏணி போட்டு ஏறி, நம் இன்டர்நெட் ஃபைபரைப் பிடித்துக்கொண்டிருந்தான். காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். கொடுவாளை ஓங்கியபோது தடுக்கக் கையை நீட்டினான். கை போனது. நீட்டாமல் இருந்திருந்தால் கழுத்து போயிருக்கும். அவனும் நானும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் புரோட்டா தின்றவர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவன் இன்றைக்குப் போட்டி கம்பெனிக்காரன் பாலசுந்தரத்தின் லைன்மேன்.

தறி ஷிப்ட் மாறி ஊரே போனைப் பார்க்கும் நேரம் வந்தால், நாம் ஊருக்குக் கொடுக்கும் நெட் விழுந்தது. மாசி மாதம் முழுக்க விழுந்தது, பங்குனி முழுக்க விழுந்தது. குமாரபாளையத்தில் பாதிப் பேர் நம்மை விட்டு பாலசுந்தரம் கனெக்‌ஷனுக்குப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து குப்பைத் தகவல் பாக்கெட்டுகளைக் கொட்டி நம் சர்வர் பெட்டியை அவன் மூழ்கடித்தான். இதை நிரூபிக்க முடிந்தால் வழக்கின் முகமே மாறும் என்கிறார் வக்கீல்.

அதற்கு ஒரு சோதனை வேண்டும். நீ கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். ஒரே மாதிரி இரண்டு பெட்டி, இரண்டிலும் ஒரே நெட்வொர்க் கார்டு. ஒன்றில் நம்முடைய லினக்ஸ் இயங்குதளம், நான் வைத்திருக்கிற டிரைவரோடு அப்படியே. இன்னொன்றில் ஃப்ரீபிஎஸ்டி, அதன் சொந்த டிரைவரோடு. வெளி லைன் எதையும் செருகாதே. மூன்றாவது பெட்டியிலிருந்து ஷிப்ட் நேரத்து அளவுக்குப் பாக்கெட்டுகளை அனுப்பு. இரண்டும் தாங்கும். ஒரு இயங்குதளம் மட்டும் தாங்கினால் எதிர்த் தரப்பு வேறு கதை சொல்லும். இரண்டும் தாங்கினால் குற்றம் வெளியே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். மாத்திரை மறக்காமல் கொடு.

ஜீவா


குமாரபாளையம்
19.6.2024

அன்புத் தம்பி ஜீவாவுக்கு,

அக்கா ஸ்ரீதேவி எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. மாமா ஞாயிறு வந்து போனார். உன் வயிற்றுக்கு மோர் கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டேன். கண்ட்ரோல் ரூமை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சோதனைக்குப் பெட்டிகள் வந்துவிட்டன.

வக்கீலுக்கு விளங்கவைக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. "கார்டு இருக்குது, கம்ப்யூட்டர் இருக்குது, நடுவுல இந்த டிரைவர் யாருங்க மேடம்? அவரையும் சாட்சியாப் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார். திருச்செங்கோட்டுக்காரர், லாரி வழக்கு பார்த்தே வளர்ந்தவர். சிரிக்க எனக்குத் தெம்பில்லை. இப்படிச் சொன்னேன்: கார்டு என்பது வீட்டு வாசல். பாக்கெட் என்பது பார்சல். வாசலில் ஒரு சின்ன மேசை உண்டு. பார்சல் வந்து மேசையில் விழுந்ததும் மணி அடிக்கும். மணி கேட்டு வந்து, பார்சலை உள்ளே எடுத்துப்போகிற ஆள்தான் டிரைவர். மேசை நிறைந்த பிறகு வருகிற பார்சல் தெருவில் விழும், அதற்கு மணி கிடையாது.

லினக்ஸில் முதல் மணி கேட்டதும் ஆள் மணியை நிறுத்திவிட்டு, இத்தனைதான் என்று ஒரு கணக்கு வைத்து அள்ளிக்கொண்டு போவான். மேசை காலியானதும் மணியைத் திரும்பப் போட்டுவிடுவான். ஒவ்வொரு கார்டின் டிரைவரும் அந்த அள்ளும் வேலையைத் தனக்கென்று தானே எழுதி வைத்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வேலை எல்லாக் கார்டுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருக்கிறது. டிரைவர் தன் கார்டுக்கு மட்டும் உரியதைச் சொன்னால் போதும். எது நல்லது என்று வக்கீல் கேட்டார். முதலாவதில் ஆளுக்கு ஆள் கை வைத்து மாற்ற இடம் அதிகம், இரண்டாவதில் குறைவு, அவ்வளவுதான் என்றேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. உன்னைப் பிடித்துக்கொண்டு போன பிறகு நம் ஃபைபரை நிஜமாகவே வெட்டுகிறார்கள். பழைய பாலத்தருகே நம் கேபிள் பெட்டியை உடைத்துத் தீ வைத்தார்கள். முன் ஜன்னலில் கல் விழுந்து அம்மாவின் புருவம் கிழிந்தது. இரண்டு தையல். அதற்குப் பதிலாக நம் லைன்மேன் குணசீலன் அவர்கள் ஆள் ஒருவனைச் சாயப்பட்டறைச் சந்தில் மடக்கி, கேபிள் வெட்டும் கட்டரால் காது மடலை வெட்டிவிட்டான். ஏன் செய்தாய் என்றதற்கு, "நீங்க கம்ப்யூட்டரப் பாருங்கக்கா. மத்ததை நான் பாத்துக்கறனுங்க" என்றான். அவன் சட்டைப் பையில் துணியில் சுற்றி ஏதோ இருந்தது. நான் கேட்கவில்லை.

அவனிடம் நீ பேச வேண்டும் ஜீவா. நீ சொன்னால்தான் கேட்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி.

அக்கா


மத்திய சிறை
27.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் புருவம் ஆறிவிட்டதா? கல்லெறிந்தவன் பெயர் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கணக்கில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

வாசல், மேசை, மணி உவமை நன்றாக இருக்கிறது. நம் டிரைவரில் நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள். கார்டு கம்பெனி மணியை மெதுவாக்கி வைத்திருந்தது. பத்து பார்சல் சேரட்டும், பிறகு அடிக்கலாம் என்று. அந்தச் சோம்பேறித்தனத்தை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு மணி. மேசையையும் சுருக்கினேன். பெரிய மேசை இருந்தால் பார்சல் அதில் தேங்கும், தேங்கினால் தாமதம். பிங், அதாவது போய்த் திரும்பும் தாமதம், இவ்வளவு குறைவு என்று கேம் ஆடும் பிள்ளைகள் நம்மிடம் வந்தது அதனால்தான். பாலசுந்தரத்திடம் வேலை பார்த்த காலத்திலேயே எழுதிய மாற்றம் அது. என் கை பட்ட இடம் தவறாது, அது உனக்கே தெரியும்.

ஏன் இன்னும் சோதனையை ஓட்டவில்லை? இங்கே பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவன் கை தெருப் புழுதியில் கிடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். விரல்கள் சற்று நேரம் அசைந்தன அக்கா. இந்தச் சுவரில் தலையை மோதிக்கொள்ளாமல் நான் இருக்கிறேன் என்றால், நான் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதால்தான். அதை எனக்கு எழுதி அனுப்பு.

குணா சனிக்கிழமை மனுவில் வந்தான். சோதனை முடிவு வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முடிவு வந்தால் அவன் செய்ய வேண்டியது அவனுக்குத் தெரியும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

ஜீவா


குமாரபாளையம்
11.7.2024

அன்புள்ள ஜீவாவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அம்மாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. உனக்கு மோர் கொடுத்தார்களா?

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஃப்ரீபிஎஸ்டி பெட்டியை ஒரு வாரமாக ஓட்டினேன். நீ சொன்னபடியே வெளி லைன் எதையும் செருகவில்லை. ஷிப்ட் நேரத்து அளவில் ஒரு பாக்கெட்கூட விழவில்லை. இரு மடங்கு கொடுத்தேன், தாங்கியது. அதற்கும் மேலே போன பிறகுதான் தவறவிட்டவற்றின் எண் அசைய ஆரம்பித்தது. சின்னப் பாக்கெட்டுகளாக அனுப்பினால் சற்று முன்னதாகத் திணறுகிறது, பெரிய பாக்கெட்டுகளில் சுகமாக ஓடுகிறது. எட்டு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஆள் வைத்து வேலை வாங்குகிறது. எதிர்பார்த்ததைவிட அமைதியான டிரைவர். கல்லூரியில் இதைப் பாடமாக வைக்கலாம்.

லினக்ஸ் பெட்டியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அம்மா கூப்பிடுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. எதையும் மனதில் போட்டு உருட்டாதே.

அக்கா


மத்திய சிறை
17.7.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்.

இரு மடங்கு தாங்கியதா? போதும். அதே கார்டு, அதே கம்பி. லினக்ஸ் அதைவிடக் குறைவாகப் போக வழியே இல்லை. நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்த மாதங்களில் நம் பெட்டிக்குள் கொட்டப்பட்டது பாலசுந்தரத்தின் குப்பைதான். நான் பைத்தியக்காரன் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு மனிதன் கையை வெட்டியவன் இல்லை.

நேற்று குணா வந்தான். முடிவு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

லினக்ஸ் அளவுகளையும் வக்கீலிடம் கொடுத்துவிடு. உன் உடம்பையும் கவனி.

ஜீவா


குமாரபாளையம்
20.7.2024

ஜீவாவுக்கு,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. குணாவை நிறுத்து. உன் கடிதம் கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். "உங்களுக்கு எளகின மனசுக்கா. அண்ணன் வாயால நிறுத்துன்னு சொல்லட்டும், நிறுத்திக்கறனுங்க" என்கிறான். அவன் மனைவி சௌமியா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நீ ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னொன்று. நான் சரவணமுத்துவைப் போய்ப் பார்த்தேன். திட்டாதே. வலது கை மணிக்கட்டோடு இல்லை. துணி சுற்றிய மொட்டைக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண் கனிஷ்கா சோறு பிசைந்து ஊட்டினாள். பல் விழுந்த பெண், ஒவ்வொரு கவளத்துக்கும் அப்பனோடு சேர்ந்து வாயைத் திறக்கிறாள். அவன் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி, "எதுக்கு வந்தீங்க? இன்னொரு கை இருக்குதான்னு பாக்கவா?" என்றாள். அவன்தான் உள்ளே விடச் சொன்னான்.

கம்பத்தில் ஏன் ஏறினாய் என்று கேட்டேன். "உங்க கேபிள் தொங்கிக் கெடந்துதுங்க. லாரி வந்தா மாட்டும். மாட்டுனா எங்களுதும் சேந்து அறுந்துரும். அதான் தூக்கிக் கட்டுனேன்" என்றான். பிறகு, "எங்குளுக்கும் சாயங்காலம் ஆனா நெட்டு உளுந்துருமுங்க. நீங்கதான் குப்பையக் கொட்டி அடிக்கறீங்கன்னு எங்க மொதலாளி சொல்லுவாரு. ஜீவா அண்ணன் அப்படிச் செய்யாதுன்னு நான் சொன்னேன்" என்றான்.

அவர்களுக்கும் விழுகிறது, ஜீவா. அதே நேரத்தில். அதை யோசி. குணாவை நிறுத்து.

அக்கா


மத்திய சிறை
24.7.2024

அக்காவுக்கு,

அவன் வீட்டுப் படியை ஏன் மிதித்தாய்? ஒரு மொட்டைக் கையைக் காட்டினால் கரைந்துவிடுவாயா? அவர்களுக்கும் விழுந்தது என்று அவன் சொன்னால் நம்பிவிடுவதா? எம்.சி.ஏ. படித்தவள் நீ.

குணாவை நிறுத்தச் சொல்கிறாய், காரணம் சொல்லவில்லை. இரண்டு கடிதமாக லினக்ஸ் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பக்கம் பக்கமாக வேண்டாம். என் டிரைவரோடு, வெளி லைன் இல்லாமல், அந்தப் பெட்டி பாக்கெட்டைக் கீழே போட்டதா, இல்லையா? ஒரே ஒரு சொல் எழுது. போட்டது என்று நீ எழுதினால் அன்றே குணாவுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஜீவா


குமாரபாளையம்
6.8.2024

ஜீவாவுக்கு,

போட்டது.

இந்த ஒரு சொல்லை உன் கடிதம் வந்த அன்றே எழுதி உறையில் போட்டேன். ஒட்டினேன். தபால்பெட்டி வரை போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். சுவரைப் பற்றி நீ எழுதியிருந்ததுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. உனக்கு மிச்சம் இருந்தது அந்த நியாயம் ஒன்றுதான், அதை நான் எப்படிப் பிடுங்குவேன் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று உறை மேசைமேலேயே கிடந்தது.

ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றில் வெள்ளம் என்று படித்துறையில் யாரையும் இறங்க விடவில்லை. கூட்டம் எல்லாம் கடைத்தெருவில் நின்றது. பாலசுந்தரத்தின் தம்பி செந்தமிழன் பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். குணா பின்னால் வந்து கழுத்தில் வெட்டினான். செந்தமிழன் டம்ளரைக் கீழே விடாமல் நாலடி நடந்தானாம். அப்புறம் முகத்தில் ஒரு வெட்டு, விழுந்த பிறகு முதுகில் எத்தனையோ. கூட்டம் ஓடியதில் இரண்டு குழந்தைகள் மிதிபட்டன. பஜ்ஜி போடும் சட்டி கவிழ்ந்து ஒரு பெண்ணின் கால் வெந்துபோனது. நான் போனபோது பேக்கரிக்காரர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சாக்கடையில் சிவப்பாகப் போனது. சாயப்பட்டறை ஊர் என்பதால் முதலில் யாருக்கும் விளங்கவில்லை.

செந்தமிழன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான். குணா நீதிமன்றத்தில் சரணடைந்துவிட்டான்.

முழுவதையும் இப்போது எழுதுகிறேன். உன் டிரைவரோடு லினக்ஸ் பெட்டி, வெளி லைன் இல்லாமல், ஷிப்ட் நேரத்து அளவு வந்ததும் பாக்கெட்டுகளைக் கொட்டியது. கண்ட்ரோல் ரூமில் நாம் பார்த்த அதே எண்கள், அதே வேகம். பிறகு உன் டிரைவரை எடுத்துவிட்டு, லினக்ஸோடு வருகிற டிரைவரை அப்படியே போட்டேன். ஒன்றுகூட விழவில்லை. சின்னப் பாக்கெட்டில் இது ஃப்ரீபிஎஸ்டியைச் சற்றே முந்தியது, பெரியதில் அது இதை முந்தியது. இரண்டு இயங்குதளத்திலும் குறை இல்லை. பார்சலுக்கு ஒரு மணி வைத்தாய். கூட்ட நேரத்தில் ஆள் மணிக்கு ஓடுவதிலேயே களைத்துப்போனான். மேசையோ நீ சுருக்கி வைத்த மேசை. மிச்சம் எல்லாம் தெருவில் விழுந்தது. விழுந்ததின் எண்ணிக்கையைப் பார்த்து, யாரோ கொட்டுகிறார்கள் என்று நினைத்தாய். வந்ததின் எண்ணிக்கையை ஒருநாளும் பார்க்கவில்லை. அது வழக்கத்தைவிடக் கூடியதே இல்லை ஜீவா. யாரும் நம்மை அடிக்கவில்லை.

பாலசுந்தரத்தின் பெட்டியில் இருப்பதும் நீ வேலை பார்த்தபோது போட்ட அதே டிரைவர்தானே? அவனுக்கும் அதே நேரத்தில் விழுந்தது. அவன் உன்னைச் சொன்னான். நீ அவனைச் சொன்னாய்.

விசாரணை அதிகாரியிடம் எல்லா அளவுகளையும் கொடுத்துவிட்டேன். வக்கீல் வழக்கை விட்டுவிட்டார்.

தலையைச் சுவரில் மோதாதே. அது என் வேண்டுகோள் இல்லை, கட்டளை.

அக்கா


மத்திய சிறை
30.8.2024

நீ பொய் சொல்கிறாய். அல்லது உன் கேபிளைச் சரியாகச் செருகவில்லை. அல்லது பாலசுந்தரம் உன்னை வாங்கிவிட்டான். திரும்ப ஓட்டு.

பக்கத்துப் படுக்கைக்காரன் என் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "மணியடிச்சதுக்காடா கைய வெட்டுன?" என்று சிரித்தான். அவன் முன்பல் இரண்டையும் உடைத்தேன். என்னைத் தனியறையில் போட்டிருக்கிறார்கள். இங்கே சுவர் நாலு பக்கமும் கிட்டத்தில் இருக்கிறது. நீ கட்டளையிட்டதால் கையைத்தான் மோதினேன். வலது கை.

ஜீவா


குமாரபாளையம்
5.10.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். உன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறாள். மாமா இங்கேயே வந்துவிட வேலை மாற்றல் கேட்டிருக்கிறார்.

திரும்ப ஓட்டினேன். வேறு கேபிள், வேறு கார்டு. முடிவு மாறவில்லை. நம் கண்ட்ரோல் ரூமில் உன் டிரைவரை எடுத்துவிட்டேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் இப்போது ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு தினமும் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்து நம் வீடுதான் என்று ஊரில் பேசுகிறார்கள். உன்னை வாய்தாவுக்குக் கொண்டுவரும் நாளில் செய்வதாகவும் பேச்சு இருக்கிறது. அதனால் நானே பாலசுந்தரத்திடம் போனேன். செந்தமிழன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் எழுந்து என் கூந்தலைப் பிடித்து இழுத்துச் சுவரில் சாத்தினான். பாலசுந்தரம், "உட்றா. பேசிட்டுப் போவட்டும்" என்றார். காதில் ரத்தம் ஒழுக ஒழுகச் சொன்னேன். மணி, மேசை, தெரு, எல்லாவற்றையும்.

அவர் எழுந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, "அப்ப எந் தம்பி செத்தது ஒரு மிசினுக்காங்க?" என்றார். நான் ஆமாம் என்றேன். அங்கிருந்த யாரும் அதற்கப்புறம் என்னைத் தொடவில்லை.

அவர் பெட்டியில் உன் டிரைவரை எடுத்துவிட்டுக் காட்டினால், இத்தனை நாள் யார் அடித்தது என்பது அவர் ஆட்களுக்குக் கண்ணாலேயே தெரியும். ஆனால் அந்தப் பெட்டியின் கடவுச்சொல் உன் ஒருவனுக்குத்தான் தெரியும். நீ சண்டை போட்டு வெளியே வந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லையாம். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய எனக்கு வழி தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னது இது: "நீங்க பண்ணுனா நீங்க ஏதோ பண்ணிப்போட்டீங்கம்பானுக. அவன் கைப்பட எழுதட்டும். அப்ப நம்பறனுங்க. அப்ப இவனுகளையும் நிறுத்தறேன்."

அவன் கைப்பட, ஜீவா. தவறு என்று நீ எழுத வேண்டாம். அந்தக் கடவுச்சொல்லை மட்டும் எழுது.

உனக்கு ஒரு சொல்லை அனுப்பாமல் வைத்திருந்ததற்கு ஒரு உயிர் போயிற்று. நீயும் அதைச் செய்யாதே.

அக்கா


மத்திய சிறை
14.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கை எலும்பு கூடிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. அம்மாவின் காரியத்துக்கு அனுமதி கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. நீயே எல்லாம் செய்தாய் என்று மாமா எழுதியிருந்தார். உன் காது ஆறிவிட்டதா?

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எண்களைத் திரும்பத் திரும்ப மனதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். வந்ததின் எண்ணிக்கை, விழுந்ததின் எண்ணிக்கை. இரண்டும் ஒரே திரையில், பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. நான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

பாலசுந்தரத்தின் பெட்டியை நானும் சரவணமுத்துவும்தான் மாட்டினோம். அவன் கம்பியை இழுத்தான், நான் டிரைவரைப் போட்டேன். அன்று அவன் பவானி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான். பெண் பிறந்திருந்தாள். வழியில் மைசூர்பாகு வாங்கி வந்து எனக்கு ஊட்டிவிட்டான். எனக்குக் கை முழுக்க கிரீஸ். கடவுச்சொல் கேட்டபோது அவன் சற்று முன் சொன்ன பெயரைத் தட்டினேன். அவனிடம் சொல்லவில்லை. அவள் பெரியவளான பிறகு ஒருநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

கனிஷ்கா. ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்து. இடைவெளி இல்லாமல் அவள் பிறந்த தேதி.

தேதி எனக்கு நினைவு இல்லை, அக்கா. எத்தனையோ யோசித்தும் வரவில்லை. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

ஜீவா